ஈஸ்ட்டுக்குச் சர்க்கரை: கொட்டுவதா, சொட்டுச் சொட்டாக விடுவதா, ஓடவிடுவதா?

20 கிராம் குளுக்கோஸ் எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் ஊடகத்தில் வளரும் ஈஸ்ட்டுக்கு அதைக் கொடுக்க வேண்டும். காற்றுப் புகாத கலனில் மொத்தமாகப் போட்டால், முடிவில் 2 கிராம் அளவு உலர் எடையுள்ள செல்லும் 8, 9 கிராம் எத்தனாலும் கிடைக்கும். நன்றாகக் காற்றூட்டிக்கொண்டு அதே 20 கிராமைச் சிறுகச் சிறுக விட்டால் கிட்டத்தட்ட 10 கிராம் செல் கிடைக்கும்; எத்தனால் பேருக்குக்கூட இருக்காது. இதுவரை வியப்பு ஒன்றுமில்லை. ஒன்றில் ஆக்சிஜன் இல்லை, இன்னொன்றில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். சிக்கல் மூன்றாவது வழியில் வருகிறது. நன்றாகக் காற்றூட்டுகிறோம், ஆனால் 20 கிராமையும் முதலிலேயே கொட்டிவிடுகிறோம். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் ஈஸ்ட் சர்க்கரையின் பெரும்பகுதியை எத்தனாலாக மாற்றி வெளியே தள்ளுகிறது.

ஆகவே ஈஸ்ட் வளர்க்கப் போகிறவர் முதலில் முடிவு செய்யவேண்டியது சர்க்கரையின் அளவை விட அது வந்து சேரும் வேகத்தை. அளவைப் பற்றி எல்லோரும் யோசிக்கிறார்கள். வேகத்தைப் பற்றி யோசிப்பவர்கள் குறைவு. ஊடகச் செய்முறையில் '2 சதவீதம் குளுக்கோஸ்' என்று எழுதியிருக்கும். அதோடு விஷயம் முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

செல் எதைக் கவனிக்கிறது

இங்கே ஈஸ்ட் என்று நான் சொல்வது சாக்கரோமைசிஸ் செரிவிசியே இனத்தை. அதன் இந்தப் பழக்கத்துக்குக் கிராப்ட்ரீ விளைவு என்று பெயர். ஹெர்பர்ட் கிராப்ட்ரீ 1929-இல் இதை எழுதியது புற்றுக்கட்டிகளின் செல்களைப் பற்றி: குளுக்கோஸ் கிடைத்ததும் அவற்றின் சுவாசம் குறைந்தது. அந்தப் பெயரை ஈஸ்ட்டுகளுக்குக் கொண்டுவந்தவர் டி டெக்கன், 1966-இல். ஆக்சிஜன் வந்தால் நொதித்தல் தணியும் என்று பாஸ்டர் கண்டது 19-ஆம் நூற்றாண்டிலேயே. பாடப்புத்தகங்களில் பாஸ்டர் விளைவுக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் சர்க்கரை நிறைந்த ஊடகத்தில் வேகமாக வளரும் செரிவிசியேவில் அது கண்ணில் படுவதே அரிது.

கணக்குப் பார்த்தால் இது நஷ்ட வியாபாரம். நொதித்தலில் ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் நாணயம்). முழுதாகச் சுவாசித்தால் ஏறத்தாழ 16. (விலங்குச் செல்களுக்குச் சொல்லும் 30 என்ற எண்ணை இங்கே போட்டுவிடாதீர்கள். செரிவிசியேவின் மைட்டோகாண்ட்ரியாவில் எலக்ட்ரான் சங்கிலியின் முதல் கூட்டுப்புரதம் இல்லை. அங்கே நடக்கவேண்டிய புரோட்டான் ஏற்றமும் இல்லை.) ஆனால் நொதித்தலுக்கு வேண்டிய நொதிகள் குறைவு, அது ஓடும் வேகம் அதிகம். சர்க்கரை கொட்டிக்கிடக்கும்போது சிக்கனம் பார்ப்பவனை விட வேகமாகத் தின்பவன்தான் ஜெயிக்கிறான். மிஞ்சிய எத்தனாலையும் பிறகு அவனே சாப்பிட்டுக்கொள்ளலாம்.

சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது? சவ்வில் ஆர்ஜிடி2, எஸ்என்எஃப்3 என்று இரண்டு புரதங்கள் இருக்கின்றன. பார்வைக்கு இரண்டும் சர்க்கரைக் கடத்திகளைப் போலவே இருக்கும், ஆனால் எதையும் கடத்துவதில்லை. உணர்வது மட்டும்தான் வேலை. முதலாவது நிறையச் சர்க்கரைக்கு விழித்துக்கொள்கிறது, இரண்டாவது கொஞ்சத்துக்கே. இவை சொல்வதைப் பொறுத்துச் செல் தன் கடத்திகளை மாற்றிக்கொள்கிறது. சர்க்கரை மிகுந்தால் எச்எக்ஸ்டி1: இழுக்கும் பிடி தளர்வு, சர்க்கரை 100 மில்லிமோலார் (லிட்டருக்கு 18 கிராம்) அளவில் இருக்கும்போதுதான் அதன் பாதி வேகமே வரும். சர்க்கரை அருகினால் எச்எக்ஸ்டி6, 7: ஒன்றிரண்டு மில்லிமோலாரிலேயே பாதி வேகத்துக்கு வந்துவிடும். இன்னொரு பக்கம் மிக்1 என்ற அடக்கி. குளுக்கோஸ் மிகுந்திருக்கையில் அது உட்கருவுக்குள் உட்கார்ந்து, மற்றச் சர்க்கரைகளைப் பயன்படுத்தும் மரபணுக்கள் பலவற்றை மூடிவைக்கிறது. அதே குளுக்கோஸ் மிகுதியில் சுவாசத்துக்கான மரபணுக்களும் அடங்கிக்கிடக்கின்றன. குளுக்கோஸ் தீர்ந்ததும் எஸ்என்எஃப்1 என்ற கைனேஸ் மிக்1-க்குப் பாஸ்பேட் மாட்டி வெளியே அனுப்புகிறது.

இதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. கடத்திகளையும் மரபணுக்களையும் மாற்றிக்கொள்ளச் சில மணி நேரம் ஆகலாம். ஆனால் பட்டினி கிடந்த செல்லுக்குத் திடீரென்று குளுக்கோஸ் கிடைத்தால் சில வினாடிகளிலேயே கதை மாறிவிடும்: ஏடிபி சரிகிறது, சர்க்கரை உடையும் பாதையின் இடைப்பொருளான பிரக்டோஸ்-1,6-பிஸ்பாஸ்பேட் குவிகிறது, ஒரு நிமிடத்துக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு எகிறி இறங்குகிறது. குளுக்கோஸைத் திரும்பக் கட்டும் பாதையின் முக்கிய நொதியான பிரக்டோஸ் பிஸ்பாஸ்பட்டேஸ் சில நிமிடங்களில் முடக்கப்படுகிறது, பிறகு அழிக்கவும் படுகிறது. எந்த ஊட்டமுறையைத் தேர்ந்தாலும் இந்த இரண்டு கடிகாரங்களில் ஒன்றையோ இரண்டையுமோ நாம் சாவி கொடுத்து ஓட்டுகிறோம்.

மொத்தமாகக் கொட்டுவது

எளியது இதுதான்: ஒரு ஃப்ளாஸ்க், ஒரு ஷேக்கர், 30 டிகிரி. பம்ப் வேண்டாம், உணரி வேண்டாம். ஒரே நாளில் ஐம்பது திரிபுகளை (ஒரே இனத்தின் வெவ்வேறு வகைகளை) அருகருகே வைத்துப் பார்க்கலாம். எத்தனால்தான் வேண்டும் என்றால் வேறு எதையும் யோசிக்கவே தேவையில்லை. ஈஸ்ட் தானாகவே செய்ய விரும்புவதை நாம் தடுக்காமல் இருந்தால் போதும்.

ஆனால் இதில் சர்க்கரை 'இவ்வளவு' என்று ஒரு நிலை எப்போதுமே கிடையாது. முதல் மணியில் 111 மில்லிமோலார் (அதே 20 கிராம்), சில மணி கழித்துப் பாதி, அப்புறம் சுழி. குளுக்கோஸ் தீர்ந்ததும் வளர்ச்சி தேங்குகிறது. செல் தன் இயந்திரங்களை மாற்றிக்கொண்டு, தானே செய்த எத்தனாலைச் சுவாசித்து மெதுவாக மீண்டும் வளர்கிறது. இரண்டு கட்டமாக வரும் இப்படிப்பட்ட வளர்ச்சிக்கு டயாக்ஸி என்று பெயரிட்டவர் பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மோனோ. அவர் பார்த்தது இரண்டு சர்க்கரைகளைக் கொடுத்த பாக்டீரியாவில். ஈஸ்ட்டுக்கு இரண்டாவது சாப்பாட்டை வெளியிலிருந்து கொடுக்கவே வேண்டாம், தானே சமைத்து வைத்துக்கொள்கிறது.

இந்த மாற்றத்தின்போது செல்லில் மாறாதது எது என்று கேட்பதே எளிது. நானே ஒருமுறை இரண்டு திரிபுகளை ஒப்பிட்டு, ஒன்றில் மைட்டோகாண்ட்ரியப் புரதங்கள் ஏகத்துக்குக் கூடியிருப்பதாக மகிழ்ந்து கொண்டிருந்தேன். மறுபடி பார்த்தால், அந்தத் திரிபு இன்னொன்றை விட ஒன்றரை மணி நேரம் முந்தி வளர்ந்திருந்தது. மாதிரி எடுத்த நேரத்தில் அதற்குக் குளுக்கோஸ் தீர்ந்துவிட்டது, மற்றதற்குத் தீரவில்லை. நான் ஒப்பிட்டது இரண்டு திரிபுகளை இல்லை, இரண்டு சாப்பாட்டு வேளைகளை. அதிலிருந்து மாதிரி எடுக்கும்போதெல்லாம் ஊடகத்தில் மிஞ்சிய குளுக்கோஸையும் அளந்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை.

சர்க்கரையை மேலும் கூட்டிக் கொட்டினால் வேறொரு பிரச்சினை. லிட்டருக்கு 200, 250 கிராம் என்று போகும்போது சவ்வூடு அழுத்தம் ஏறுகிறது. ஹாக்1 என்ற கைனேஸ் வழி செல் கிளிசரால் செய்து உள்ளே சேமித்துச் சமாளிக்கிறது; அந்தக் கிளிசராலுக்குப் போன சர்க்கரை எத்தனாலுக்கு வராது. சுக்ரோஸ் கொடுத்தால் தப்பிக்கலாமா என்றால், செல்சுவரில் உள்ள இன்வெர்டேஸ் அதை வெளியிலேயே குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துவிடும். அழுத்தம் இன்னும் கூடும். குளுக்கோஸை முதலில் தின்றுவிட்டுப் பிரக்டோஸைக் கடைசிக்குத் தள்ளிவைப்பதும் உண்டு.

சிறுகச் சிறுக விடுவது

செல்தான் வேண்டும், அல்லது செல் செய்யும் ஒரு புரதம் வேண்டும், எத்தனால் வேண்டாம் என்றால் பேச்சே இல்லை, ஃபெட்-பேட்ச்தான். முதல் உலகப்போர்க் காலத்தை ஒட்டி டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் ரொட்டி ஈஸ்ட் தயாரிப்பில் உருவான முறை இது. கிராப்ட்ரீ தன் கட்டுரையை எழுதுவதற்கு முன்பே ஈஸ்ட் ஆலைக்காரர்களுக்கு விடை தெரிந்திருந்தது. பெயர் மட்டும் தெரியவில்லை.

தத்துவம் எளிது. செரிவிசியேவின் வளர்ச்சி வேகம் ஒரு வரம்பைத் தாண்டும்வரை அது முழுச் சுவாசத்தில் இருக்கும். அந்த வரம்பு திரிபுக்குத் திரிபு மாறும், மணிக்கு 0.3 என்பது நல்ல தோராயம். அதாவது இரண்டே கால் மணிக்கு ஒரு முறை இரட்டிப்பது. சர்க்கரையைக் கட்டுப்படுத்தி வளர்ச்சியை அதற்குக் கீழே வைத்திருந்தால் எத்தனால் வராது. பாதுகாப்புக்காக 0.1-இலிருந்து 0.2-க்குள் வைப்பது வழக்கம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டரில் 5 கிராம் செல் இருக்கிறது, வளர்ச்சி வேகம் 0.15 வேண்டும், ஒரு கிராம் சர்க்கரைக்கு அரை கிராம் செல் வரும். அப்படியானால் மணிக்கு 0.15 × 5 ÷ 0.5, அதாவது 1.5 கிராம் சர்க்கரை. லிட்டருக்கு 500 கிராம் உள்ள செறிவான கரைசலிலிருந்து விட்டால் மணிக்கு 3 மில்லிதான். செல் பெருகப் பெருக இதுவும் அதே விகிதத்தில் ஏறவேண்டும். பத்து மணி நேரம் கழித்துச் செல் 22 கிராமுக்கு மேல். சர்க்கரைத் தேவை மணிக்கு 6.7 கிராம்.

இங்கேதான் நிஜமான தடை வருகிறது, அது சர்க்கரை இல்லை. சுவாசிக்கும் ஈஸ்ட் ஒரு கிராம் குளுக்கோஸுக்குச் சுமார் 0.4 கிராம் ஆக்சிஜன் கேட்கும். அந்த 6.7 கிராமுக்கு மணிக்கு 2.7 கிராம். 30 டிகிரியில் காற்றுடன் சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் 7.5 மில்லிகிராம். காற்றோட்டத்தை நிறுத்தினால் பத்து வினாடிக்குள் அது காலி. ஆகவே ஏறுமுகமாகப் போகும் ஊட்டத்தை ஒரு கட்டத்துக்கு மேல் ஏற்ற முடியாது. கலனால் கொடுக்க முடிகிற ஆக்சிஜனுக்கு ஏற்ப ஊட்டத்தை நிலையாக வைத்துவிட்டு, வளர்ச்சி வேகம் மெல்ல இறங்குவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். வெப்பமும் ஆக்சிஜன் செலவோடு சேர்ந்தே ஏறும் என்பதால் குளிர்விப்பும் இதே கணக்கில் மாட்டிக்கொள்கிறது. ஃபெட்-பேட்ச் போடலாமா என்று கேட்பவர்களிடம் பம்பின் தரத்தைப் பற்றி நான் கேட்பதே இல்லை. கிளறி எவ்வளவு வேகம் போகும் என்றுதான் கேட்பேன்.

வரம்பு மீறிவிட்டோமா என்று தெரிந்துகொள்ள வெளியேறும் வாயு போதும். வெளிவரும் கார்பன் டை ஆக்சைடைச் செல்கள் செலவழித்த ஆக்சிஜனால் வகுத்தால், குளுக்கோஸைச் சுவாசிக்கும்போது 1-ஐ ஒட்டி வரும். நொதித்தல் கலந்தால் 1-க்கு மேல் ஏறும். ஏற்கெனவே சேர்ந்த எத்தனாலைச் சாப்பிட ஆரம்பித்தால் 1-க்குக் கீழே இறங்கும். எத்தனால் மட்டும் முழுதாக எரிந்தால் அது மூன்றில் இரண்டு. வாயு அளவி இல்லாதவர்களுக்கும் ஒரு தந்திரம் உண்டு. பம்பை அரை நிமிடம் நிறுத்திவிட்டுக் கரைந்த ஆக்சிஜனைப் பாருங்கள். சட்டென்று மேலே ஏறினால் செல்கள் சர்க்கரைக்காகக் காத்திருந்தன, எல்லாம் சரி. அசையாமல் இருந்தால் உள்ளே சர்க்கரையோ எத்தனாலோ தேங்கிக் கிடக்கிறது; ஊட்டத்தைக் குறையுங்கள்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஒரு லிட்டர் கலனில் செறிவான சர்க்கரை விழுந்தால் சில வினாடியில் கலந்துவிடும். பல ஆயிரம் லிட்டர் கலனில் கலக்க ஒரு நிமிடம்கூட ஆகலாம். சர்க்கரை விழும் வாயருகே வந்த செல்லுக்கு விருந்து, அடியில் சுற்றும் செல்லுக்குப் பட்டினி. சராசரியைப் பார்த்தால் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் அந்த வினாடிக் கடிகாரம் இருக்கிறதே, அது வாயருகே வரும் ஒவ்வொரு முறையும் அடிக்கிறது. செல் கொஞ்சம் எத்தனால் செய்கிறது, கீழே போய் அதைத் தின்கிறது. சிறிய கலனில் வந்த விளைச்சல் பெரியதில் வராமல் போகும் காரணங்களில் இதுவும் ஒன்று.

ஓடவிடுவது

ஒரு பக்கம் புது ஊடகம் வந்துகொண்டே இருக்க, மறுபக்கம் அதே அளவு வெளியேறிக்கொண்டே இருக்கும் கீமோஸ்டாட். 1950-இல் மோனோ ஒரு பக்கமும், நோவிக், ஸிலார்ட் இருவரும் இன்னொரு பக்கமும் தனித்தனியாக இதை வெளியிட்டார்கள். இதன் அழகு, வளர்ச்சி வேகத்தை ஈஸ்ட்டின் கையிலிருந்து பிடுங்கிப் பம்பின் கையில் கொடுத்துவிடுவது. மணிக்குக் கலனின் பத்தில் ஒரு பங்கு ஊடகம் மாறினால், செல்லின் வளர்ச்சி வேகம் 0.1.

புதிதாக வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. உள்ளே வரும் ஊடகத்தில் சர்க்கரையை இரட்டிப்பாக்கினால் கலனுக்குள் சர்க்கரை இரட்டிப்பாகாது. செல்தான் இரட்டிப்பாகும்; மிஞ்சும் சர்க்கரை பழைய அளவிலேயே நிற்கும். மிச்சத்தை மாற்ற வேண்டுமென்றால் பம்பின் வேகத்தைத்தான் மாற்ற வேண்டும். வேகத்தைப் படிப்படியாக ஏற்றிப் பார்த்தால், கிராப்ட்ரீ வரம்பு கண்முன்னே தெரியும்: 0.3 வரை எத்தனால் இல்லை, செல் விளைச்சல் 0.5-ஐ ஒட்டி, அதைத் தாண்டியதும் எத்தனால் ஏற, விளைச்சல் விழும். இன்னும் ஏற்றினால் இரட்டிக்க நேரமின்றிச் செல்களே கழுவப்பட்டுப் போய்விடும்.

விலை நேரம்தான். நிலைபெற ஐந்து கலன் அளவு ஊடகம் ஓடவேண்டும் என்பது வழக்கமான விதி, 0.1 வேகத்தில் அது 50 மணி. ஒரு வரைபடப் புள்ளிக்கு இரண்டு நாள். பொறுமையாக விட்டால் இன்னொரு தொல்லை: சர்க்கரைக்கு ஏங்கிக்கொண்டே நூற்றுக்கணக்கான தலைமுறை கடந்தால், நன்றாக இழுக்கும் கடத்தி உள்ள செல் ஜெயித்துவிடும். எச்எக்ஸ்டி6, 7 மரபணுக்கள் பல நகல்களாகப் பெருகிய செல்கள் இப்படிப்பட்ட நீண்ட சோதனைகளில் கிடைத்திருக்கின்றன. நாம் போட்ட ஈஸ்ட் ஒன்று, கடைசியில் அளப்பது இன்னொன்று.

ஆனால் கேள்வி 'சர்க்கரை மாறும்போது ஈஸ்ட் என்ன செய்கிறது' என்பதாகவே இருந்தால் இதற்கு ஈடு கிடையாது. கீமோஸ்டாட்டை நிலைபெறச் செய்து, ஒரே அடியாகக் குளுக்கோஸை ஊசியால் செலுத்தி, வினாடிக்கு வினாடி மாதிரி எடுத்து −40 டிகிரி மெத்தனாலில் விழவைத்து வளர்சிதையை அங்கேயே நிறுத்தலாம். சுவாசத் திறன் முழுதாக இருந்த அந்தச் செல்கள்கூடச் சர்க்கரை வந்த மாத்திரத்தில் எத்தனால் செய்யத் தொடங்குகின்றன. மரபணு எதுவும் மாறியிருக்க நேரமில்லை. வினாடிக் கடிகாரத்தைத் தனியாகக் கேட்பது இப்படித்தான். எல்லாச் செல்லும் ஒரே மாதிரி நடந்துகொள்வதும் இல்லை. திடீர்ச் சர்க்கரையில் ஒரு சிறு பங்கு, மேல்பாதி வேகமாகவும் கீழ்ப்பாதி மெதுவாகவும் ஓடும் கிளைக்காலிசிஸில் (குளுக்கோஸை உடைக்கும் பாதையில்) சிக்கி மீளாமல் போகிறது. டிபிஎஸ்1 என்ற மரபணு இல்லாத திரிபில் ஏறக்குறைய எல்லாச் செல்களுக்கும் இதே கதிதான். குளுக்கோஸே அவற்றுக்கு எமன்.

நடுவில் சில வழிகள்

பம்ப் இல்லாமலேயே மெதுவாகச் சர்க்கரை விட முடியும். மாவுச்சத்தைப் போட்டு, குளுக்கோஅமைலேஸ் நொதியைக் கொஞ்சமாகச் சேர்த்தால், குளுக்கோஸ் கசிந்துகொண்டே இருக்கும்; ஃப்ளாஸ்க்கிலேயே ஃபெட்-பேட்ச். கசிவின் வேகம் செல் பெருகப் பெருக ஏறாது என்பதுதான் குறை. குளுக்கோஸுக்குப் பதில் ராஃபினோஸ் கொடுத்தால் மெதுவாக உடைவதால், மரபணுக்கள் மேல் குளுக்கோஸ் போடும் அடக்கம் வெகுவாகத் தளர்ந்திருக்கும். மரபணு வேலைக்காரர்களுக்குப் பழகிய வழி.

ஈஸ்ட்டையே மாற்றிவிடுவதும் ஒரு தேர்வுதான். குளுவெரோமைசிஸ் லாக்டிஸ், கேண்டிடா யூட்டிலிஸ் போன்றவற்றுக்குக் கிராப்ட்ரீ பழக்கம் இல்லை. காற்று இருந்தால் சர்க்கரையைக் கொட்டினாலும் பெரும்பாலும் சுவாசிக்கவே செய்யும். புரத உற்பத்திக்கு ஊட்ட நுணுக்கங்களோடு மல்லுக்கட்டுவதை விட இது சில நேரம் மலிவு. ஆக்சிஜன் பசி மட்டும் அப்படியே இருக்கும்.

என் சொந்த வரிசை இது. எத்தனால் வேண்டுமா, கொட்டிவிடுங்கள். சர்க்கரை மிக அதிகமென்றால் இரண்டு மூன்று தவணையாகக் கொட்டுங்கள். செல்லோ புரதமோ வேண்டுமா, ஃபெட்-பேட்ச். இரண்டு திரிபின் உடலியலை ஒப்பிட வேண்டுமா, ஒரே வளர்ச்சி வேகத்தில் கீமோஸ்டாட். அதற்கு வசதியில்லையென்றால் ஃப்ளாஸ்க்கிலேயே, குளுக்கோஸ் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும் கட்டத்தில், நேரத்தைப் பார்க்காமல் செல் அடர்த்தியைப் பார்த்து மாதிரி எடுங்கள். நூறு திரிபுகளை வடிகட்டுவதற்குக் கீமோஸ்டாட் போட நினைப்பவரைத் தடுத்து நிறுத்துவது நண்பர்களின் கடமை.

எதை எடுத்தாலும் விதைச்செல் எங்கிருந்து வந்தது என்பதையும் குறித்துவையுங்கள். இரவு முழுக்க ஷேக்கரில் கிடந்து குளுக்கோஸும் தீர்ந்து எத்தனாலில் ஊறிய செல், சேமிப்புச் சர்க்கரைகளான ட்ரீஹலோஸும் கிளைக்கோஜனும் நிரம்பி, உள்ளே அமிலம் ஏறி, அரைத் தூக்கத்தில் இருக்கும். அதைப் புது ஊடகத்தில் போட்டதும் முதல் ஒரு மணி நேரம் நாம் பார்ப்பது புதுச் சர்க்கரைக்கு வந்த பதிலையும் நேற்றைய பட்டினியையும் சேர்த்துத்தான். காலையில் ஒருமுறை நீர்த்து, இரண்டு மூன்று இரட்டிப்புக்கு வளரவிட்டு, அதிலிருந்து விதைத்தால் இந்தக் குழப்பம் பெரும்பாலும் போய்விடும்.